விழுங்குகிறவரிடம் யாரும் கேட்பதில்லை

மருந்தை எழுதுபவர் ஒருவர், வரிசையில் நின்று வாங்கி வருபவர் ஒருவர், வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர். விழுங்குகிறவர் மட்டும் இந்தப் பேச்சு எதிலும் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களின் மருத்துவம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. புறநோயாளிப் பிரிவில் மகன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, “எப்படி இருக்கான்?” என்ற கேள்வி தாயிடம் போகும். “பரவாயில்ல சார், இப்ப அடங்கி இருக்கான்” என்று அவர் சொல்வார். சீட்டில் பழைய மாத்திரைகளே மறுபடி எழுதப்படும்: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அடங்கி இருப்பது மருந்து வேலை செய்வதாலா, மருந்து ஆளை முடக்கிப் போட்டதாலா என்பதை அவனைக் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? அவனிடம் கேட்பதை மரியாதைக்காகச் செய்யும் கூடுதல் காரியமாகவே பலரும் நினைக்கிறார்கள். அது சிகிச்சையின் பகுதி, அதைச் செய்யாதபோது சிகிச்சையே அரைகுறை என்பது என் வாதம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் 15 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு இருக்கிறது. ஆகவே ஃபிட்ஸ் மாத்திரை பல வீடுகளில் ஆண்டுக்கணக்காக ஓடும். அந்த மாத்திரை தேவை என்பதில் சந்தேகமே இல்லை. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அதனோடு, எப்போது எதற்காகச் சேர்ந்தது என்று வீட்டாருக்கே நினைவில்லாத இன்னொரு மாத்திரையும் பல சீட்டுகளில் இருக்கும். அடிக்கிறான், கத்துகிறாள், தன்னைத் தானே கடித்துக்கொள்கிறான் என்று சொன்னதற்காக எழுதப்பட்ட ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், ஒலான்சபைன் வகை அது. மனச்சிதைவு போன்ற நோய்களுக்காக வந்த மருந்துகள் இவை. அந்த நோய் இல்லாதவர்களுக்கு நடத்தையை அடக்குவதற்காகக் கொடுக்கப்படும்போதுதான் கேள்வி எழுகிறது.

2008 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். பீட்டர் டைரர் தலைமையிலான குழு, அறிவுத்திறன் குறைபாட்டோடு அடிக்கும் உடைக்கும் பழக்கமும் இருந்த 86 பேரை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ரிஸ்பெரிடோன், ஒரு பிரிவுக்கு ஹாலோபெரிடால், மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நான்கு வாரம் கழித்து மூர்க்கத்தின் அளவு ஹாலோபெரிடால் எடுத்தவர்களிடம் 65 சதவீதம் குறைந்திருந்தது, ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களிடம் 58 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் 79 சதவீதம். ஒருவர் வந்து விசாரித்தார், கவனித்தார், அடுத்த வாரமும் வந்தார் என்பதே பாதிக்கு மேல் வேலை செய்திருக்க வேண்டும் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. மூர்க்கத்துக்கு வழக்கமான சிகிச்சையாக இந்த மருந்துகளை இனி ஏற்க முடியாது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 86 பேர் சிறிய எண்ணிக்கைதானே என்று கேட்டால், ஆம். எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு: 2002-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 101 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் ரிஸ்பெரிடோன் கடும் எரிச்சலையும் மூர்க்கத்தையும் நன்றாகவே குறைத்தது. அதே எட்டு வாரத்தில் அந்தக் குழந்தைகளின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது. ஆக, சிலருக்குச் சில காலம் இந்த மருந்து உதவலாம். யாருக்கு, எவ்வளவு காலம் என்பதை எடுத்துக்கொள்பவரின் உடம்பையும் வாயையும் விட்டுவிட்டு முடிவு செய்ய முடியாது.

பிரிட்டனில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள 33,016 பேரின் மருத்துவப் பதிவுகளை அலசி 2015-ல் வெளியான ஆய்வில், இந்த மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களில் 71 சதவீதத்தினருக்குத் தீவிர மனநோய் இருந்ததாகப் பதிவே இல்லை. அதே ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களில் தேவையான நோய் இல்லாமலே தினமும் மனநோய் அல்லது மனச்சோர்வு மருந்து விழுங்குபவர்கள் 30,000 முதல் 35,000 பேர் என்று மதிப்பிட்டது. 2016-ல் அந்த நாட்டுச் சுகாதாரத் துறை இந்த மிகை மருந்தைக் குறைக்கவே ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பதிவேடு ஒழுங்காக இருக்கும் நாட்டில் நிலைமை இது. இங்கே பல குடும்பங்களிடம் இருக்கும் ஒரே பதிவேடு, பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்த பழைய சீட்டுகள்தான். டாக்டர் மாறும்போது முந்தையவர் ஏன் எழுதினார் என்பது அதிலிருந்து தெரியாது. எதற்கு வம்பு என்று புதியவர் அப்படியே தொடர்கிறார்.

விழுங்குகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் நிறையத் தெரியும். ஹாலோபெரிடால் கை கால்களை இறுக்கும், எச்சில் வடியும். சிலருக்கு உட்கார முடியாத ஓர் உள்தவிப்பு வரும். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர் “உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது” என்று சொல்லிவிடுவார். சொல்லத் தெரியாதவர் இன்னும் வேகமாக நடப்பார், கதவைத் தட்டுவார், தடுத்தால் தள்ளுவார். வீட்டார் அதை மருந்து போதவில்லை என்று புரிந்துகொள்கிறார்கள், டாக்டரிடம் அப்படியே சொல்கிறார்கள், அரை மாத்திரை ஒன்றாகிறது. மருந்து உண்டாக்கிய தவிப்புக்கு அதே மருந்து கூடுதலாக! ரிஸ்பெரிடோன் சில பெண்களுக்கு மாதவிடாயை நிறுத்திவிடும், பால் சுரக்க வைக்கும். மாதாமாதம் துணி மாற்றிவிடும் தாய்க்கு மாதவிடாய் நின்றது நிம்மதியாக இருப்பதில் வியப்பில்லை. அதனால் அது மருத்துவரிடம் புகாராகவே போவதில்லை. நாள்பட்டால் எலும்பு பலவீனப்படும் அபாயம் அந்தப் பெண்ணுக்குத்தான். வால்ப்ரோயேட்டில் முடி கொட்டும், கை நடுங்கும், எடை கூடும். ஃபினிடாயின் ஈறுகளை வீங்க வைக்கும். பல் துலக்கினால் ரத்தம் வரும், பிரஷ்ஷைக் கண்டாலே பிள்ளை ஓடும், பல் சொத்தையாகும், வலிக்கும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும்போது நடத்தைக்கு ஒரு மாத்திரை கூடுதலாகச் சேரும்.

பல்வலி, காதுவலி, நாள்பட்ட மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாதவிடாய் வலி ஆகியவை மூர்க்கமாக வெளிப்படுவது இவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேற்குச் சென்னையை எடுத்துக்கொண்டால், அங்கே பல்லைச் சரிபார்க்காமல் விடுவதற்குச் சாக்குச் சொல்லவே முடியாது. வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, மதுரவாயல் ஆலப்பாக்கத்தில் ஒன்று, முகப்பேரில் ஒன்று, போரூரில் ஒன்று. தமிழ்நாட்டில் பல் மருத்துவ நாற்காலிகள் இவ்வளவு நெருக்கமாக உள்ள பகுதிகள் அதிகம் இருக்காது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒருவருக்கு மூர்க்கத்துக்காக மாத்திரை எழுதுவதற்கு முன் வாயைத் திறந்து பார்த்தாயிற்றா என்பது கட்டாயக் கேள்வியாக வேண்டும். பார்க்காமல் எழுதுவது, என் பார்வையில், கவனக்குறைவான மருத்துவம்.

மாத்திரை வாய்க்குள் போகும் விதத்துக்கு வருவோம். இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து நசுக்கி, சர்க்கரையோ தேனோ கலந்து கொடுப்பது வீடுகளில் சகஜம். அதற்கும் மசியாவிட்டால் தயிர்சாதத்தில், வாழைப்பழத்தில், இட்லிக்கு நடுவில். அட்டையில் ‘சிஆர்’ என்று போட்டிருக்கும் வால்ப்ரோயேட் பல மணி நேரம் மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்டது. நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும். முற்பகலில் மயக்கம், விடிகாலையில் வலிப்பு என்று இரண்டு பக்கமும் அடி. நசுக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தாய் செய்திருக்க மாட்டார். சாப்பாட்டில் ஒளித்துக் கொடுப்பதில் வேறொரு நஷ்டம் இருக்கிறது. கசப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பிள்ளை தயிர்சாதத்தையே நம்புவதில்லை, தட்டைத் தள்ளுகிறான். சாப்பிட மறுப்பதும் பிறகு ஒரு நடத்தைப் பிரச்சினையாகச் சீட்டில் ஏறுகிறது.

மாத்திரையின் நிறம் மாறுவதும் சின்ன விஷயம் இல்லை. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு டெண்டர் மூலம் மருந்து வாங்குகிறது. இலவச மருந்து தடையின்றிக் கிடைப்பதில் பல மாநிலங்கள் நம்மைப் பார்த்துக் கற்றன. ஆனால் டெண்டரில் கம்பெனி மாறும்போது அதே மருந்து வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் வரும். கடையில் வாங்கினாலும் இதே கதைதான், ஸ்டாக் இல்லையென்றால் வேறு கம்பெனி. 2013-ல் அமெரிக்காவில் வலிப்பு மருந்து எடுப்பவர்களிடம் நடந்த ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தைத் தொடராமல் விடும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அட்டையைப் படித்துப் பார்க்கக்கூடியவர்கள். மருந்தை வெள்ளை, மஞ்சள் என்று மட்டுமே அடையாளம் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர் புதிய நிறத்தைத் துப்பினால் அது பிடிவாதமா? தெரியாத மாத்திரையை வாயில் போடாதே என்று நாம்தானே சொல்லி வளர்த்தோம்.

இவ்வளவையும் கேட்டபின் வரும் முதல் மறுப்பு, “சொன்னால் அவங்களுக்குப் புரியுமா?” என்பது. இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது லேசான குறைபாடு. எளிய சொற்களில், படம் காட்டி, இரண்டு மூன்று தடவை சொன்னால் “இது ஃபிட்ஸ் வராம இருக்க”, “இது போட்டா தூக்கம் வரும்” என்பது புரியும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது, ஆனால் விசித்திரமாக ஒரு ஓட்டையோடு. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-ன் 4ஆம் பிரிவு, ஒருவர் தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்க வல்லவரா என்று பார்க்கும்போது எளிய மொழியிலும் சைகையிலும் படங்கள் மூலமும் விளக்க வேண்டும் என்கிறது. பேச்சாலோ சைகையாலோ முகக்குறிப்பாலோ அவர் பதில் சொல்லலாம் என்கிறது. முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் பட்டால் மட்டும் அவருக்குத் திறனில்லை என்று சொல்லிவிட முடியாது என்கிறது. பக்கவிளைவுகளைத் தெரிந்துகொள்ளும் உரிமையை 22ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அதே சட்டம் மனநோய்க்கு வரையறை தரும் இடத்தில் அறிவுத்திறன் குறைபாட்டை வெளியே நிறுத்திவிடுகிறது. இரண்டும் வேறு வேறு என்பதால் அந்தப் பிரிப்பு சரிதான். விளைவைப் பாருங்கள்: மனச்சிதைவு உள்ள ஒருவருக்கு ரிஸ்பெரிடோன் எழுதினால் இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் உண்டு. மனநோயே இல்லாத, அறிவுத்திறன் குறைபாடு மட்டும் உள்ள ஒருவருக்கு அதே ரிஸ்பெரிடோன் எழுதினால் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று மனநோயாளிகள் காப்பகத்தில் பற்றிய தீயில் சங்கிலியில் கட்டப்பட்ட நிலையில் 28 பேர் கருகியதற்குப் பிறகு, நாடே சங்கிலிக்கு எதிராகப் பேசி, இந்தச் சட்டத்தில் அதற்குத் தடையும் வந்துவிட்டது. மாத்திரையால் கட்டிப்போடுவதற்கு அப்படி நேரடியான தடை ஏதும் வரவில்லை.

ஓட்டையை அடைக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 13ஆம் பிரிவு, வாழ்க்கையின் எல்லா விஷயங்களிலும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி இவர்களுக்கு உண்டு என்கிறது. அதற்கும் முன்பே, 2009-ல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெண்ணின் கருவை அவர் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கருவைச் சுமப்பதா வேண்டாமா என்பதில் அவர் சொல் செல்லும் என்றால், ராத்திரி மாத்திரை விஷயத்தில் செல்லாதா? கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு விளக்கம் புரியாது என்பது உண்மைதான். அவர்களிடமும் தூக்கம், பசி, நடை, எச்சில், முகம் ஆகியவை பதில் சொல்லும். மருந்து தொடங்குவதற்கு முன்னும் ஒரு மாதம் கழித்தும் இவற்றைக் குறித்து வைத்தால் போதும்.

இரண்டாவது மறுப்புதான் கனமானது. எண்பது கிலோ மகனை ஐம்பத்தைந்து வயதுத் தாய் எப்படிப் பிடிப்பார்? தகப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார், வீடு ஓர் அறையும் சமையலறையும், பக்கத்து போர்ஷன்காரர்கள் ஹவுஸ் ஓனரிடம் புகார் சொல்கிறார்கள். பள்ளி வயதைத் தாண்டிவிட்டால் பகலில் கொண்டுபோய் விட இடமில்லை. அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருப்பது முட்டுக்காட்டில், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அது நகரின் மறுகோடி. இந்த நிலையில் மாத்திரையைக் கேட்கும் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பகல்நேர மையம், உதவியாளர், தாய்க்கு நாலு மணி நேர ஓய்வு என்று அரசும் சமூகமும் கொடுத்திருக்க வேண்டியதற்குப் பதிலாகத்தான் அந்த மாத்திரை நிற்கிறது. அவை இல்லாததன் விலையைத் தன் உடம்பால் கட்டுபவர் அந்த மகன். அடக்குவதற்காகக் கொடுக்கும் மாத்திரை எப்போதும் பாதுகாப்பானது என்ற நினைப்பும் தவறு. ஆட்டிசம், வலிப்பு, லேசான அறிவுத்திறன் குறைபாடு இருந்த ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞர், இந்த வகை மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தானும் பெற்றோருமாகச் சொல்லியும் ஒலான்சபைன் கொடுக்கப்பட்டு, 2016-ல் இங்கிலாந்தில் இறந்தார். அவர் வாயால் சொன்ன பிறகு நடந்தது இது. சுகாதாரப் பணியாளர்களுக்கு ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு குறித்த பயிற்சியை 2022-ல் அந்த நாடு சட்டமாக்கியது.

டாக்டருக்கு நேரமில்லை என்பார்கள். கூட்டத்தைப் பார்த்தால் மறுக்கவும் முடியாது. ஆனால் எல்லாவற்றையும் டாக்டரே கேட்க வேண்டும் என்று யார் சொன்னது? வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு செவிலியரோ சிறப்பு ஆசிரியரோ படம் போட்ட அட்டையைக் காட்டித் தூக்கம், வயிறு, பல், கை நடுக்கம் பற்றிக் கேட்டுச் சீட்டின் ஓரத்தில் குறித்துவிட்டால் டாக்டருக்கு வேலை குறையும். விளக்கிச் சொன்னால் மருந்தே வேண்டாம் என்று விடுவார்கள் என்ற பயமும் உண்டு. ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கசப்பு, தொண்டையில் மாட்டுவது, பகலெல்லாம் தூக்கம் என்று திருத்தக்கூடிய காரணம்தான் வரும்: சிரப்பாக மாற்றலாம், வேளையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். ஒளித்துக் கொடுத்து ஏமாற்றியபின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது அதைவிடக் கடினம்.

இதற்கெல்லாம் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறது. அதே பணியாளர்கள் ஃபிட்ஸ் மாத்திரையும் நடத்தை மாத்திரையும் உள்ள வீடுகளில் கூடிய எடை, வீங்கிய ஈறு, நின்ற மாதவிடாயைக் கேட்டு எழுதிவர முடியும். மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனி மாறும்போது ‘அதே மருந்து, புதிய நிறம்’ என்று இரண்டு மாத்திரைகளையும் அருகருகே படம் போட்ட துண்டுச்சீட்டை வலிப்பு மருந்துகளுக்காவது தர முடியும். நடத்தைக்காக எழுதும் எந்த மாத்திரைக்கும் காரணமும், மறுபடி பார்க்கும் தேதியும் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். இரண்டு மாவட்ட அலுவலகங்களுக்கும் சேர்த்து அந்தச் சுற்றறிக்கை போக வேண்டும், இல்லையென்றால் மாவட்ட எல்லையின் ஒரு பக்கத்தில் ஒரு விதி, மறுபக்கத்தில் வேறு விதி என்றாகிவிடும்.

வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், வலிப்பு மாத்திரையை நிச்சயமாக வேண்டாம். அடுத்த தடவை போகும்போது எல்லா அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது வரை, நசுக்கலாமா என்று கேளுங்கள். மகளையோ மகனையோ டாக்டருக்கு நேராக உட்கார வையுங்கள்; “எப்படி இருக்கு?” என்ற கேள்வி உங்களிடம் வந்தால், அவங்களையே கேளுங்க சார் என்று சொல்லுங்கள்.